குடுவைக்குள் உறைந்த தண்ணீர்: குப்ரிக் எடுக்காமல் விட்ட நெப்போலியன்

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் விடியற்காலையில் பள்ளி விடுதியில் எழுந்திருக்கிறான். இன்னும் இருட்டு விலகவில்லை. தண்ணீர்க் குடுவையைப் பார்த்தால் உள்ளே என்னவோ கெட்டியாக, பளபளப்பாக இருக்கிறது. யாரோ விஷமத்துக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக் கோபப்படுகிறான். கூட இருக்கும் பையன்கள் சிரிக்கிறார்கள். அது பனிக்கட்டி. கார்சிகாத் தீவில் வளர்ந்த பிள்ளை அதுவரை தண்ணீர் உறைந்து பார்த்ததில்லை.

அந்தப் பையன் நெப்போலியன், இடம் பிரியென் ராணுவப் பள்ளி. இந்தக் காட்சியை எழுதியவர் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக். 1969 செப்டம்பர் 29 தேதியிட்ட 148 பக்கத் திரைக்கதையில், ஆரம்பத்திலேயே வருகிறது. படமாகவில்லை. எந்த நடிகனும் அந்தக் குடுவையைத் தொடவில்லை. ஆனாலும் குப்ரிக் எடுத்த படங்களையெல்லாம் பலமுறை பார்த்திருக்கும் எனக்கு, அவரைப் பற்றி நான் வைத்திருந்த ஒரு முடிவை மாற்றியது அவர் எடுக்காத இந்தக் காட்சிதான். அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குப்ரிக்கைப் பற்றி எல்லாரும் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: குளிர்ந்த மனுஷன். படங்கள் அழகு, கச்சிதம், ஆனால் உள்ளே ஈரம் இல்லை, மனிதர்களைச் சதுரங்கக் காய் மாதிரி மேலிருந்து பார்க்கிறார் என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். படத்தில் பார்க்கும்போது அந்த நம்பிக்கையை உடைப்பது கஷ்டம், ஏனென்றால் அங்கே லென்ஸ் இருக்கிறது, ஒளி இருக்கிறது, இசை இருக்கிறது, நடிகனின் முகம் இருக்கிறது, எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாது. எடுக்காத படத்தின் திரைக்கதையில் இது எதுவுமே கிடையாது. இயக்குநர் எதை முதலில் காட்ட நினைத்தார், எதற்கு எத்தனை வரி கொடுத்தார், எங்கே பேச்சை நிறுத்தினார் என்பது மட்டும் காகிதத்தில் கிடக்கிறது. கட்டி முடித்த வீட்டில் பூச்சுக்குப் பின்னால் செங்கல் தெரியாது. இது பூசாத சுவர்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் படம் ஏன் வரவில்லை என்பதைப் பற்றித்தான் உலகம் முழுக்கப் பேசியிருக்கிறார்கள், படத்துக்குள் என்ன இருந்தது என்பதைப் பற்றி அதில் பாதிகூடப் பேசவில்லை. 1968-ல் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ வெளியானதும் குப்ரிக் நெப்போலியனில் இறங்கினார். ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றாசிரியர் ஃபெலிக்ஸ் மார்க்கம் ஆலோசகர். அவருடைய மாணவர்கள் உதவியோடு நெப்போலியனும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் எந்த நாளில் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று அட்டை அட்டையாக எழுதி அலமாரிகளில் அடுக்கினார்கள். லொக்கேஷன் புகைப்படங்கள் மட்டும் சுமார் 15,000, அந்தக் காலத்து ஓவியங்களின் ஸ்லைடுகள் சுமார் 17,000. நெப்போலியனின் மனைவி ஜோசபினாக நடிக்க நடிகை ஆட்ரி ஹெப்பர்னைக் கேட்டார்கள், அவர் மறுத்தார். செலவைப் பார்த்து எம்ஜிஎம் ஸ்டூடியோ பின்வாங்கியது. செர்கை பொண்டார்ச்சுக்கின் ‘வாட்டர்லூ’ 1970-ல் வெளியாகி வசூலில் தோற்றதும், இன்னொரு நெப்போலியன் படத்துக்குப் பணம் போட யாருக்கும் தைரியம் இல்லாமல் போனது. குப்ரிக் ‘எ க்ளாக்வொர்க் ஆரஞ்சு’க்குப் போய்விட்டார். சேகரித்ததெல்லாம் பெட்டிகளில் தங்கியது. இப்போது அவருடைய காகிதங்கள் லண்டன் கலைப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2009-ல் டாஷன் பதிப்பகம் இந்தப் படத்துக்காகவே ஒரு பெரிய தொகுப்பை வெளியிட்டது.

நான் ஸ்கிரிப்டை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை கதைக்காக. அப்படி வாசித்தால், உண்மையைச் சொல்கிறேன், ஏமாற்றமாக இருக்கும். பிறப்பிலிருந்து இறப்பு வரை ஓடுகிற வாழ்க்கை வரலாறு, அவ்வளவுதான் என்று தோன்றும். இரண்டாவது தடவை வசனத்தையும் பின்னணிக் குரலையும் ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் விஷயங்களை மட்டும் படித்தேன். மூன்றாவது தடவை நேர்மாறாக, பின்னணிக் குரலை மட்டும் தொடர்ச்சியாக. இந்த இரண்டு வாசிப்பும் சேர்ந்தபோதுதான் ஸ்கிரிப்ட் பிடிபட ஆரம்பித்தது.

குளிர்

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் படித்தபோது முதலில் தட்டுப்பட்டது தட்பவெப்பம். குடுவைக் காட்சியை ஏற்கெனவே சொன்னேன். அந்தக் காட்சியில் குப்ரிக் செய்யாமல் விட்டதைக் கவனியுங்கள். இவன் தனிமையில் வாடினான், கார்சிகாக்காரன் என்று கேலிக்கு ஆளானான், அந்த அவமானம்தான் பின்னாளில் உலகையே பிடிக்கத் தூண்டியது என்று சொல்ல எத்தனையோ வழி இருக்கிறது. சராசரி வாழ்க்கை வரலாற்றுப் படம் ஒரு சண்டையை வைக்கும், ஒரு கண்ணீரை வைக்கும். இங்கே ஒரு பொருள், ஒரு தவறான புரிதல், ஒரு சிரிப்பு. பையனுக்குத் தெரியாத ஒன்று மற்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அதுவும் தண்ணீரைப் போல அன்றாடம் புழங்கும் ஒன்றில். அந்நிய ஊரில் பள்ளியில் சேர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது புரியும். பனிக்கட்டியைக் கண்ணாடி என்று நினைத்ததில் தப்பே இல்லை, இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான், அவன் கண் சரியாகத்தான் பார்த்தது. ஆனால் சிரிப்பு அவன் மேல்தான் விழுகிறது.

அடுத்த குளிர் லியோன் நகரில் ஒரு இரவு. பதின்வயதைத் தாண்டாத லெப்டினன்ட், தெருவில் பனி பெய்கிறது, விளக்கடியில் ஒரு பெண் நிற்கிறாள். என்ன தொழில் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் பையன் பேசுவது ஏதோ உறவுக்காரர் வீட்டு முன்கூடத்தில் பேசுவது போல இருக்கிறது. வானிலை மோசம் என்கிறான். இந்தக் குளிரில் வெளியே நிற்கிறீர்களே, உடம்பு விறைத்துப் போயிருக்குமே என்று விசாரிக்கிறான். அவளும் அதே மரியாதையோடு, பிழைக்க ஏதாவது செய்யத்தானே வேண்டும், வயதான அம்மா என்னை நம்பி இருக்கிறாள் என்கிறாள். தன் படைப்பிரிவு வேலன்ஸில் இருக்கிறது, விடுப்பில் வந்திருக்கிறேன் என்று அவன் சொல்கிறான். பனி பெய்துகொண்டே இருக்கிறது.

இது குப்ரிக் கற்பனையில் முழுக்க உருவாக்கியதில்லை. 1787 நவம்பரில் பாரிஸின் பலே ரொயால் தோட்டத்தில் இப்படி ஒரு சந்திப்பு நடந்ததாக நெப்போலியனே இளமையில் எழுதி வைத்திருக்கிறார். குப்ரிக் அதை லியோனுக்கு மாற்றினார். அந்தக் குறிப்பிலும் நெப்போலியன் குளிரைப் பற்றித்தான் அவளிடம் முதலில் கேட்கிறார். ஆயிரக்கணக்கான குறிப்புகளிலிருந்து இதைப் பொறுக்கி எடுத்து இத்தனை இடம் கொடுத்த ஆளை, மனிதர்கள் மேல் அக்கறை இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் காட்சியைப் படித்ததும் எனக்கு ‘ஐஸ் வைட் ஷட்’ நினைவுக்கு வந்தது. 1999-ல் வந்த குப்ரிக்கின் கடைசிப் படம். அதில் இரவில் தெருவில் அலையும் டாக்டரை டோமினோ என்ற பெண் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். சின்ன சமையலறை. இருவரும் காசைப் பற்றிப் பேசும்போதுகூட அத்தனை பணிவு, அத்தனை தயக்கம், யாரும் யாரையும் புண்படுத்திவிடக் கூடாதே என்ற கவனம். நான் அந்தக் காட்சியை முன்பெல்லாம் செயற்கை என்று நினைத்தேன், நடிகர்கள் ஏன் இப்படி மெதுவாகப் பேசுகிறார்கள் என்று எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன். லியோன் காட்சிக்குப் பிறகு அது வேறு மாதிரித் தெரிகிறது. வெட்கப்பட வேண்டிய இடத்தில் மனிதர்கள் மரியாதையைப் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள் என்பது குப்ரிக்குக்கு 1969-லேயே தெரிந்திருக்கிறது. முப்பது வருஷம் கழித்து அதை எடுத்தார். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நெப்போலியனின் காம வாழ்க்கை ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் எழுதத் தகுந்தது என்று ஜோசஃப் கெல்மிஸுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த நேர்காணலில் குப்ரிக் சொல்லியிருக்கிறார். ‘ஐஸ் வைட் ஷட்’ ஷ்னிட்ஸ்லரின் குறுநாவலிலிருந்துதான் பிறந்தது.

மூன்றாவது குளிர் எல்லாருக்கும் தெரிந்தது. 1812, மாஸ்கோவிலிருந்து பின்வாங்கல். வரலாறு படித்த யாரும் எதிர்பார்க்கும் காட்சிதான். ஆனால் குடுவையையும் லியோன் தெருவையும் கடந்து அந்த இடத்துக்கு வரும்போது, உறைந்த தண்ணீரைக் கண்ணாடி என்று நினைத்த அதே பையன் இப்போது லட்சக்கணக்கானவர்களை அந்தப் பனிக்குள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான் என்பது சொல்லாமலே மனதில் ஏறுகிறது. எந்தப் பாத்திரமும் இதைச் சுட்டிக்காட்டிப் பேசுவதில்லை. திரைக்கதையில் அந்த மூன்று இடங்களையும் இணைக்கும் ஒரு வரிகூட இல்லை. வாசிப்பவன்தான் இணைத்துக்கொள்ள வேண்டும்.

நெப்போலியனின் சாப்பாட்டு ருசியிலிருந்து குறிப்பிட்ட ஒரு போரன்று வானிலை எப்படி இருந்தது என்பது வரை தன் குறிப்புகளில் தேட முடியும் என்று குப்ரிக் அதே நேர்காணலில் பெருமையாகச் சொல்வார். பலர் இதை அவருடைய பிடிவாதத்துக்கு உதாரணமாகக் காட்டுவதுண்டு. எனக்கு அது இப்போது வேறாகக் கேட்கிறது. ஒரு மனிதனின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள, அன்றைக்குக் குளிராக இருந்ததா என்று கேட்பது முக்கியமான கேள்வி என்று அவர் நம்பியிருக்கிறார்.

முப்பது கஜம்

ஸ்கிரிப்டோடு சேர்த்து வாசிக்க வேண்டிய இன்னொரு காகிதம், 1968 நவம்பரில் குப்ரிக் எழுதிய தயாரிப்புக் குறிப்பு. பொதுவாகத் திரைப்பட ரசிகர்கள் பட்ஜெட் காகிதத்தைத் தள்ளிவிட்டுப் போவார்கள். தள்ளாதீர்கள். பெரிய படங்களின் செலவு எதனால் எகிறுகிறது என்று அவரே பிரிக்கிறார்: துணை நடிகர் கூட்டம், ராணுவச் சீருடைகள், அரங்கங்கள், அதிகச் சம்பளம் வாங்கும் நட்சத்திரங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் மருந்து தேடுகிறார். இங்கிலாந்தில் ஒரு துணை நடிகருக்கு ஒரு நாளுக்கு 19 டாலர் 20 சென்ட் ஆகும், ருமேனியாவில் ராணுவ வீரர்களையே ஆளுக்கு 2 டாலருக்கு, 30,000 பேர் வரை தருகிறார்கள். சீருடைக்கு அவர் கண்டுபிடித்தது காகிதத்துணி. நனைந்தாலும் கிழியாத, தீப்பிடிக்காத ஒரு காகிதத்துணியில் சீருடையை அப்படியே அச்சடித்துவிடுவது, ஒன்று 1 டாலரிலிருந்து 4 டாலருக்குள் முடிந்துவிடும். சோதனைப் படமெடுத்துப் பார்த்ததில் முப்பது கஜத்துக்கு அப்பால் நின்றால் அருமையாக இருக்கிறது என்று எழுதுகிறார்.

அந்த முப்பது கஜம் என்னை விடவே இல்லை. ஏனென்றால் போர்களைப் பற்றி அவர் கெல்மிஸிடம் சொன்னதன் சாரமும் அதேதான். நெப்போலியனின் போர்கள் இசை போலவும் உயிர்பறிக்கும் நடனம் போலவும் அழகானவை என்கிறார். தூரத்தில் இரண்டு கழுகுகள் வானத்தில் வட்டமிடுவதைப் பார்ப்பதோடு ஒப்பிடுகிறார். அவை ஒரு புறாவைக் கிழித்துக்கொண்டிருக்கலாம், ஆனால் போதிய தூரத்தில் இருந்தால் அது இன்னும் அழகுதான். அழகுக்கும் நடக்கும் கொடுமைக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதுதான் அவருடைய கேள்வி. செலவுக் கணக்கில் அது முப்பது கஜம். அதற்குள்ளே போனால் சீருடை காகிதம் என்று தெரிந்துவிடும்.

ஸ்கிரிப்டில் போர்கள் பெரும்பாலும் அந்தத் தூரத்திலிருந்துதான். வரைபடங்கள் வருகின்றன, படைகள் நகரும் திசை காட்டப்படுகிறது, விவரிப்பவரின் குரல் நிதானமாக விளக்குகிறது. திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம் என்ற பழைய கணக்கு இங்கே உதவாது, ஐந்து வரியில் ஒரு போர் முடிந்துவிடும், அந்த ஐந்து வரியை எடுக்க ஆயிரக்கணக்கான ஆட்களும் பல நாட்களும் தேவைப்பட்டிருக்கும்.

ஆனால் திடீரென்று முப்பது கஜத்தைத் தாண்டி உள்ளே போய்விடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கடற்போர் ஒன்று. பீரங்கிச் சத்தம், எரியும் பாய்மரம், கத்தும் மாலுமிகள் என்று எதிர்பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. கடலின் அடியில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்கள். கேமரா ஒரு அறைக்குள் போகிறது. தண்ணீரில் காகிதங்கள் மிதக்கின்றன, புத்தகங்கள் மிதக்கின்றன, ஒரு மனித உடல் மிதக்கிறது, கூடவே ஒரு வறுத்த கோழி.

கோழியை எழுதியவன் கையைப் பிடித்துக் கும்பிடத் தோன்றுகிறது. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அது அழகான நீரடிக் காட்சி, அவ்வளவுதான். அந்தக் கோழி வந்ததும் யாரோ சாப்பிட உட்காரப் போகிற நேரம் அது என்பது தெரிகிறது. மேசை விரித்திருக்கும், தட்டு வைத்திருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் இறக்கப் போகிறோம் என்று தெரியாத ஒருவருக்காக அந்தக் கோழியை யாரோ பக்குவமாக வறுத்திருக்கிறார்கள். ஒரு கடற்போரின் விளைவு ஒரு ஷாட்டில், ஒரு பதார்த்தத்தில். சத்தம் கிடையாது. ‘2001’-ல் விண்வெளியில் சத்தமில்லாமல் மிதக்கும் உடலைக் காட்டியவர், அதே அமைதியைக் கடலுக்கடியில் காட்ட நினைத்திருக்கிறார் என்று படித்தபோதே தோன்றியது.

இரண்டு குரல்கள்

பின்னணிக் குரலை மட்டும் வாசித்ததில் கிடைத்தது வேறொரு கதை. இந்த ஸ்கிரிப்டில் ஒரு குரல் இல்லை, இரண்டு. ஒன்று விவரிப்பவர், வரலாற்றாசிரியரைப் போல, ஆண்டு, ஊர், பதவி என்று அடக்கமாகச் சொல்பவர். மற்றொன்று நெப்போலியனின் குரல், கடிதங்களிலிருந்தும் நினைவுகளிலிருந்தும் எடுத்தது. விவரிப்பவர், குழந்தை நோஞ்சானாக இருந்தது, அம்மா லெட்டிசியா பார்த்துப் பார்த்து வளர்த்தாள் என்று சொல்லி முடித்தவுடன், அம்மா என் மேல் எப்போதும் பாசமாக இருந்தாள் என்று நெப்போலியன் குரல் சொல்கிறது. வேலன்ஸில் முதல் காதல் போல ஒன்று வந்தபோது, நாங்கள் செய்ததெல்லாம் சேர்ந்து செர்ரிப் பழம் தின்றதுதான், யார் நம்புவார்கள் என்று அந்தக் குரல் வெட்கத்தோடு நினைவுகூர்கிறது. ஒரு பேரரசனின் காதல் கணக்கு செர்ரிப் பழத்தில் ஆரம்பிக்கிறது.

இரண்டு குரலும் உரசிக்கொள்ளும் இடங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் நெப்போலியனின் குரல் தன் கீழே ஓடும் படத்தோடு மோதும் இடம் அதைவிட நன்றாக இருக்கிறது. இத்தாலியில் போர்முனையிலிருந்து ஜோசபினுக்கு எழுதுகிறார். உருகி உருகி எழுதுகிறார். அந்தக் கடிதம் குரலாக ஓடும்போது திரையில் நமக்குத் தெரிவது ஜோசபின், ஹிப்போலித் சார்ல் என்ற இளம் அதிகாரியோடு. படையின் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே கணித்த மனிதனுக்குத் தன் வீட்டில் நடப்பது தெரியவில்லை. இதே அறையைக் கொஞ்சம் முன்னால் ஒரு தடவை காட்டியிருக்கிறார்: சுற்றிலும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிகள் பதித்த படுக்கையறை, மெழுகுவத்தி வெளிச்சம். அப்போது நெப்போலியனுக்கு எத்தனையோ பிம்பங்களில் அவள் தெரிந்தாள். பனிக்கட்டியைக் கண்ணாடி என்று நினைத்தவன், கண்ணாடிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு எதையும் பார்க்கவில்லை. (கண்ணாடி என்ற சொல்லை வைத்து நான் முடிச்சுப் போடுகிறேன் என்று சிலர் சொல்லலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். குப்ரிக் இதை இணைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, தமிழில் வாசிப்பவனுக்குத் தானாக இணைந்துவிடுகிறது.)

இந்த இரண்டு குரல்களில் குப்ரிக் பிறகு எதை வைத்துக்கொண்டார் என்பதற்குப் பதில் ‘பாரி லிண்டன்’-ல் இருக்கிறது. நெப்போலியனுக்காகத் தேடியதில் பாதி அந்த 1975 படத்தில் போய்ச் சேர்ந்தது என்று எல்லாரும் சொல்வார்கள், மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுத்ததை உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான், வேகமான லென்ஸ், அதாவது மிகக் குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் லென்ஸ் கிடைத்தால் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுக்கலாம் என்ற திட்டம் அந்த 1968 குறிப்பிலேயே இருக்கிறது, ‘பாரி லிண்டன்’-ல் நாசாவுக்காகச் செய்த ஸைஸ் நிறுவனத்தின் எஃப்/0.7 லென்ஸால் அது நடந்தது. ஆனால் லென்ஸைவிடப் பெரிய விஷயம் குரல். ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேயின் மூல நாவலில் பாரி தன் கதையைத் தானே சொல்கிறான், பொய்யும் பீற்றலுமாக. படத்தில் குப்ரிக் அந்த ‘நான்’-ஐத் தூக்கிவிட்டு வெளியிலிருந்து ஒரு விவரிப்பவரைப் பேச வைத்தார். நடக்கப்போவதைக்கூட அந்தக் குரல் முன்னாலேயே சொல்லிவிடும். எனக்குப் பட்டது இது: நெப்போலியன் ஸ்கிரிப்டில் இரண்டு குரலையும் வைத்துப் பார்த்தார், தன் வாயால் தன்னைச் சொல்லும் குரல் சீக்கிரம் நம் அனுதாபத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது என்று கண்டார், அடுத்து வரலாற்றுப் படம் எடுத்தபோது அதை விட்டுவிட்டார். நாவலில் தயாராக இருந்த ஒன்றை வேண்டாம் என்று ஒதுக்கியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

விடுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரியென் விடுதியில் வரிசையாகப் படுக்கைகள், கூட்டமாகச் சிரிக்கும் பையன்கள், நடுவில் ஒருவன் தனியாக. 1987-ல் ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’-ன் பயிற்சி முகாமில் அதே வரிசைப் படுக்கைகள், அதே தனியன். அங்கே சிரிப்பு அடியாக மாறுகிறது, துண்டில் சோப்பைச் சுற்றி இரவில் அடிக்கிறார்கள். ஒரு படைவீரன் எப்படி உருவாகிறான் என்று கேட்டால் குப்ரிக் போர்க்களத்தைக் காட்ட மாட்டார், படுக்கையறையைக் காட்டுவார்.

சறுக்கும் இடங்கள்

இவ்வளவு சொன்னபிறகு குறைகளையும் மறைக்கக் கூடாது. முடிசூட்டுக்குப் பிறகு ஸ்கிரிப்டின் வேகம் கெட்டுவிடுகிறது. மந்திரிகளும் தளபதிகளும் அறைக்குள் நின்று ஒருவருக்கொருவர் அரசியல் நிலவரத்தை விளக்குகிறார்கள், அந்த விளக்கம் நமக்காக என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு போருக்கும் அடுத்த போருக்கும் நடுவே ஆண்டுகள் தாவுகின்றன. நெப்போலியனின் வெளியுறவு மந்திரி டாலிராண்ட் போன்ற மனிதரை ஒரு முழுப் படத்துக்கு நாயகனாக்கலாம், இங்கே வந்து நின்று பேசிவிட்டுப் போகிறார். ஜோசபினைக்கூட விவாகரத்துக்குப் பிறகு கைவிட்டுவிட்டாற்போல் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குள் முழு வாழ்க்கையையும் அடைக்க நினைத்ததன் விளைவு. எல்லாத் தேதியும் கையில் இருந்தபோது எதை விடுவது என்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. எழுதியதை அப்படியே எடுக்கும் ஆள் இல்லை குப்ரிக். ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’-க்கு ஒருவர் மேல் ஒருவர் க்ரீம் பை (pie) எறியும் ஒரு பெரிய சண்டையையே எடுத்து முடித்துவிட்டுக் கடைசியில் வெட்டி எறிந்தவர். ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’-ல் பயிற்சி சார்ஜென்டின் வசவுகளில் நிறைய, உண்மையிலேயே அந்த வேலை பார்த்த லீ எர்மி தன் வாயிலிருந்து கொண்டுவந்தவை. ஆகவே இந்த 148 பக்கங்களைப் படித்துவிட்டு, படம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மந்திரிகள் பேசும் அறைகளெல்லாம் படப்பிடிப்பில் கரைந்து போயிருக்கலாம். கோழி தப்பித்திருக்குமா என்பதுகூட நிச்சயமில்லை. நான் சொல்வதெல்லாம் 1969-ல், படம் எடுக்கக் கிளம்புவதற்கு முன், ஒரு மனிதர் எதையெல்லாம் கண்ணை மூடிப் பார்த்தார் என்பதைப் பற்றித்தான்.

பொம்மை

கடைசியாக, வேண்டுமென்றே தள்ளிவைத்த ஒரு விஷயம். ஸ்கிரிப்டின் முதல் காட்சி குடுவை இல்லை. அதற்கும் முன்னால் கார்சிகாவின் அஜாச்சோ நகரில் ஒரு படுக்கை. நான்கு வயது நெப்போலியன் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு, தேய்ந்து போன ஒரு கரடிப் பொம்மையை அணைத்தபடி, அம்மா சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அண்ணன் ஜோசஃப் பக்கத்தில் ஏற்கெனவே தூங்கிவிட்டான்.

நெப்போலியன் பிறந்தது 1769-ல். டெடி பேர் என்ற பொம்மை அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் பெயரால் 1902-ல்தான் வந்தது. ஒவ்வொரு நாளுக்கும் அட்டை போட்ட மனிதர், போரன்று மழை பெய்ததா என்று தேடிய மனிதர், முதல் பக்கத்தின் முதல் பொருளிலேயே 130 வருஷம் தவறுகிறார். முதல் வாசிப்பில் இதைப் பிழை என்று ஓரத்தில் குறித்தேன். ஃபெலிக்ஸ் மார்க்கம் இதைப் பார்க்காமல் இருந்திருப்பாரா, பார்த்துச் சொல்லியும் குப்ரிக் விட மறுத்தாரா என்றெல்லாம் யோசித்தேன். இப்போது எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. அந்தக் காலத்துக் குழந்தை எதை வைத்து விளையாடியிருக்கும் என்று அவர் அலமாரியில் தேடினால் கிடைத்திருக்கும். தேடியிருந்தாலும் அதை வைத்திருக்க மாட்டார். சரியான பொம்மையை வைத்திருந்தால் நாம் பதினெட்டாம் நூற்றாண்டைப் பார்த்திருப்போம். கரடிப் பொம்மையை வைத்ததும் தூங்கப் போகும் ஒரு குழந்தையைப் பார்க்கிறோம்.

அந்தப் பொம்மை நடுவில் எங்கும் தலைகாட்டுவதில்லை. டூலோன், பிரமிடுகள், ஆஸ்டர்லிட்ஸ், மாஸ்கோ, எல்பா, வாட்டர்லூ எல்லாம் கடந்து, 1821-ல் செயின்ட் ஹெலினாவில் நெப்போலியன் இறந்தபிறகு கடைசிக் காட்சி ரோமில் லெட்டிசியாவின் அறை. ஜன்னல்கள் அடைத்திருக்கின்றன. கறுப்பு உடையில் அந்த வயதான தாய் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். மகனுக்குப் பிறகும் அவள் பதினைந்து வருஷம் உயிரோடு இருந்தாள். அந்த இருட்டில் மகனின் சிறுபிராயச் சாமான்களை வைத்திருக்கிறாள். அவற்றின் நடுவே அவன் அணைத்துக்கொண்டு தூங்கிய கரடிப் பொம்மை.

முப்பது கஜம் எங்கே போனது என்று தெரியவில்லை. கேமரா அந்தப் பொம்மையின் தேய்ந்த ரோமம் தெரியும் அளவுக்கு அருகில் இருக்கிறது.